காளை கத்தும்போது

மணி ஒன்பது இருபது. பேருந்து ஆற்றங்கரையில் நின்றது. பதினான்கு பேர் கொண்ட பாட்டுக் குழுவும் அதை நடத்தும் புர்கியும் இறங்கினார்கள்.

மூன்று நாள் மழை அன்று விடியற்காலையில்தான் விட்டிருந்தது. சால்ஸ்பர்க்கில் மழை துளித்துளியாக விழுவதில்லை, கயிறு கயிறாக இறங்கும். பெண்கள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு குட்டைகளைத் தாண்டினார்கள். ஆண்கள் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டைப் பொத்தான் போட்டார்கள். எல்லாருடைய கோட்டும் போன வருஷத்தைவிட இறுக்கமாக இருந்தது.

புர்கி தலைகளை எண்ணினாள். பதின்மூன்று.

"காஸ்பர் எங்க?"

"க்ராப்ஃபன் கூடைய இறக்கறான்."

காஸ்பர் ஊரில் ரொட்டி சுடுகிறவன். குழுவில் அடிக்குரல். விடிய மூன்று மணிக்கு எழுந்து, ஜாம் அடைத்த க்ராப்ஃபன் நாற்பது பொரித்துச் சர்க்கரை தூவிக் கொண்டுவந்திருந்தான். பேருந்தில் இரண்டு மணி நேரமும் கூடையை மடியை விட்டு இறக்கவில்லை. பாடி முடித்த பிறகுதான் திறக்க வேண்டும் என்பது புர்கியின் உத்தரவு. சர்க்கரை தொண்டையைக் கெடுக்கும்.

"வாசனையாவது பாக்கலாமா?" என்றது தாழ்ந்த பெண்குரலான ஆல்டோ வரிசையிலிருந்து ஒரு குரல்.

"வாசனைக்கும் சர்க்கரை உண்டு" என்றாள் புர்கி.

புர்கிக்கு ஐம்பத்தெட்டு வயது. லுங்காவ் பள்ளத்தாக்கில் தபால் கொடுக்கிறாள். பாட்டுக் குழுவை இருபது வருஷமாக நடத்துகிறாள். அதில் பதினேழு வருஷம் சால்ஸ்பர்க்குக்கு விண்ணப்பம் போட்டாள். ஈஸ்டருக்கு அடுத்து வரும் வெள்ளை ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பள்ளத்தாக்குக் குழுக்கள் நகரத்தில் பாடலாம். மற்ற குழுக்களைப் போல மண்டபத்தையோ, தேவாலயப் படிக்கட்டையோ அவள் கேட்கவில்லை. பாறை முற்றத்தைக் கேட்டாள். மூன்று பக்கம் பழைய குதிரை லாயம், நாலாவது பக்கம் நேராக எழும் மலைப்பாறை. அங்கே பாடினால் குரல் பாறையில் பட்டுத் திரும்பி வந்து பாடியவர் தோளிலேயே கை போடும். இருபது வயதில் ஒருமுறை வாசலில் நின்று யாரோ பாடியதைக் கேட்டிருக்கிறாள்.

பதினேழு வருஷமும் பதில் வந்தது. வருந்துகிறோம், அடுத்த வருஷம் பார்க்கலாம். தபால்காரி என்பதால் அந்தக் கடிதங்களை அவளேதான் தன் வீட்டுப் பெட்டியில் போட்டாள். உறையைத் தொட்டாலே தெரிந்துவிடும், ஒற்றைத் தாள். இந்தப் பிப்ரவரியில் வந்த உறைக்குள் மூன்று தாள் இருந்தது, பாறை முற்றத்துக்கு அனுமதி. அன்று ஒரு தெருவுக்குத் தபால் போகவில்லை.

முற்றத்தின் வாசலில் சிவப்பு வெள்ளை நாடா குறுக்கே கட்டியிருந்தது.

நாடாவுக்கு முன்னால் கையில் கோப்புடன் ஃப்ராவ் மாகிஸ்டர் ஷ்டாட்லர் நின்றார். முற்றத்தின் நேரங்களைப் பார்த்துக்கொள்பவர். மாகிஸ்டர் என்ற பட்டத்தைச் சேர்த்துக் கூப்பிடாவிட்டால் அவருக்குக் காது கேட்பதில்லை என்று மற்ற குழுக்காரர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள்.

"க்ரூஸ் காட், ஃப்ராவ் மாகிஸ்டர். நாங்க லுங்காவ்" என்று புர்கி வணக்கம் சொன்னாள்.

"பதினொண்ணேகால்லேருந்து பதினொண்ணு முப்பத்தஞ்சு. அப்புறம் போங்காவ் குழு. பன்னெண்டுக்கு மேடைக்காரங்க வந்துடுவாங்க, ராத்திரி ஓபராவுக்கு." கோப்பைப் பார்க்காமலே சொன்னார். "ஆனா முற்றம் இன்னும் திறக்கல. பாறைச் சுவரத் தட்டிப் பாக்கற வேலை முடியல."

"சுவர் எப்ப முடியும்?"

"அவரைக் கேளுங்க. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் நான் நாடாவ அவுப்பேன்."

பேனாவால் பாறையைக் காட்டினார். முப்பது மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கயிறு தொங்கியது. கயிற்றின் நுனியில் யாரும் இல்லை. அந்த ஆள் கீழே பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

மலை சுத்தம் செய்கிறவர்களைச் சால்ஸ்பர்க்கில் யாரும் நின்று பார்ப்பதில்லை. சாக்கடை சுத்தம் செய்கிறவர்களையும் பார்ப்பதில்லை. வசந்தம் வந்தால் கயிற்றில் இறங்கி, சுத்தியலால் பாறையை அங்குலம் அங்குலமாகத் தட்டி, ஆடுகிற கல்லைப் பெயர்த்துக் கூடையில் போடுவார்கள். ஊர் அவர்களுக்குக் கீழே காப்பி குடிக்கும்.

புர்கி நாடாவைத் தூக்கி உள்ளே நுழைந்தாள்.

"என்னங்க, மேல தொங்க வேண்டியவர் கீழ உக்காந்திருக்கீங்க."

"மணி ஒன்பதரை. தீனி நேரம்." அவர் நிமிரவில்லை. "இதுல கைவெச்சா பேராயரே ஆனாலும் விடமாட்டோம்."

அவர் பெயர் கிலியன். தலைக்கவசம் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒரு ஊறுகாய் வெள்ளரிக்காய்.

"எவ்வளவு பாக்கி இருக்கு?"

"அந்தக் கொடி தெரியுதா? அதுலேருந்து கீழ வரைக்கும்."

"எப்ப முடியும்?"

"பதினொண்ணு இருபது."

"எங்களுக்குப் பதினொண்ணேகாலுக்குப் பாட்டு."

"அப்ப முதல் பாட்டுக்கு நான் தாளம் போடறேன்."

காஸ்பர் நாடாவுக்கு அந்தப் பக்கமிருந்து சிரித்தான். புர்கி சிரிக்கவில்லை.

"ஒரு அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம் எங்கயாவது பிடிக்க முடியாதா?"

"கல்லுகிட்ட அவசரம்னு சொல்ல முடியாதும்மா. தட்டணும், கேக்கணும். நல்ல கல்லு பளிச்சுனு சொல்லும். கெட்டது காலி அலமாரி மாதிரி சொல்லும். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, அதுதான் தொல்லை. ரெண்டு தடவ தட்டணும்."

"ஓய்வே எடுக்காம தட்டினா?"

"பதினோரு மணிக்கு நிறுத்தித்தான் ஆகணும். மணிக்கூண்டு ஆரம்பிக்கும். அது முடிஞ்சதும் கோட்டையில காளை கத்தும். அதுக்கு நடுவுல கல்லு பேசினா எவனுக்குக் கேக்கும்? சுத்தியலச் சொருகிட்டு சும்மா தொங்குவேன். எங்கப்பா தொங்கினார். அவருக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரும் தொங்கினார். பத்து நிமிஷம்."

ஊர் காளை என்று கூப்பிடுவது கோட்டையில் இருக்கும் பழைய குழல் வாத்தியத்தை. புர்கி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பத்து நிமிஷத்தத்தான் கேக்கறேன்."

கிலியன் மெல்லுவதை நிறுத்தினார். முதல்முறையாக அவளைப் பார்த்தார்.

அவள் பதினேழு கடிதங்களைப் பற்றிச் சொன்னாள். மூன்று தாள் வந்த நாளைச் சொன்னாள். நாடாவுக்கு வெளியே நிற்கிறவர்களில் இரண்டு பேருக்கு எண்பது தாண்டிவிட்டது, அடுத்த வருஷம் என்பது அவர்களுக்குச் சும்மா ஒரு வார்த்தை என்றாள். அதில் ஒருவருக்கு எழுபத்தாறுதான். எண்பது என்றால் எடுப்பாக இருக்கும் என்று பட்டது.

"அந்தக் கடிதாசெல்லாம் நீங்களே கொண்டுபோய் உங்க பெட்டியில போட்டீங்களா?"

"வேற யாரு போடுவா?"

அவர் சிரித்தார். வெள்ளரிக்காயை எடுத்துக் கடித்தார்.

"சரி. அந்தப் பத்து நிமிஷமும் தட்டறேன். மழைக்கு முன்னாடியே ஒரு சுத்து பாத்த இடம்தான். மேல கயிறு பாக்கறவன்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, சிரிப்பான்."

அவர் ஏறினார். புர்கி வெளியே வந்து குழுவைச் சந்துக்குள் நிறுத்திக் குரல் பழக வைத்தாள். மு, மு, மு என்று பதினான்கு பேர் முனகியதைக் கேட்டு ஒரு குதிரைவண்டிக் குதிரை காதைத் திருப்பியது.

பாறையிலிருந்து தட்டல் வந்துகொண்டே இருந்தது. டக். டக். டக். கூழாங்கற்களைக் குழைத்து ஒட்டியதுபோன்ற பாறை அது, ஒவ்வொரு கல்லும் தனக்கென்று ஒரு சத்தம் வைத்திருந்தது. புர்கியால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அது அவளுடைய வியாதி. ஊரில் எந்த வீட்டுக் கதவு எந்தச் சுருதியில் கிறீச்சிடும் என்று அவளுக்குத் தெரியும். குழுவில் பதினான்கு பேர் சேர்ந்து பாடும்போது யார் மயிரிழை இறங்குகிறார் என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்வாள். பெரும்பாலும் காஸ்பர்.

பத்தே முக்காலுக்குப் போங்காவ் குழு வந்தது. முப்பது பேர், ஒரே மாதிரி புதுத் தொப்பி.

"லுங்காவ்லேருந்து வந்தவங்களா? பனி உருகிடுச்சா அங்க?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"உருகினதுதானே உங்க ஊர்ல வெள்ளமா வருது" என்றான் காஸ்பர்.

பதினோரு மணிக்கு மணிக்கூண்டு ஆரம்பித்தது. அதில் சில மணிகள் சுருதியைவிட்டுக் கொஞ்சம் விலகியே ஒலிக்கும். ஊருக்கு அது பழக்கம், வேறு மாதிரி அடித்தால்தான் திடுக்கிடும். புர்கி நாடாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கிலியன் இப்போது நாலு மீட்டர் உயரத்தில் இருந்தார். மணிக்கூண்டு ஒலிக்க ஒலிக்கத் தட்டினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர்.

மணிக்கூண்டு ஓய்ந்தது. கோட்டையில் காளை கத்தியது. குழல்கள் எல்லாம் ஒன்றாக வாயைத் திறந்து, ஊரை ஓர் அதட்டல் போட்டு நிறுத்துகிற கத்தல். பெஞ்சுகளுக்காக வாசலில் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

டக். டக். டொப்.

கிலியனின் சுத்தியல் அடுத்த கல்லுக்குப் போய்விட்டது.

புர்கி மற்றவர்களைப் பார்த்தாள். யாரும் நிமிரவில்லை. ஃப்ராவ் மாகிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காளையை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு அதற்குக் கீழே இருப்பதைக் கேட்க அவள் ஒருத்தியால்தான் முடிந்திருந்தது. அல்லது அப்படி அவளுக்குத் தோன்றியது. தோன்றலாம். காளையின் அடிக்குரல் கல்லில் மோதி அப்படிக் கேட்டிருக்கலாம். மழையில் ஊறிய கல் கொஞ்சம் மந்தமாகத்தான் சொல்லும். தவிர, இத்தனை வருஷமாகத் தொங்குகிறவருக்குத் தெரியாததா ஒரு தபால்காரிக்குத் தெரிந்துவிடப் போகிறது?

பதினொன்று பத்துக்கு கிலியன் தரையிறங்கினார்.

"எல்லாம் சரியா?" என்றாள் புர்கி.

"தங்கம்" என்றார். கழுத்தைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஃப்ராவ் மாகிஸ்டர் நாடாவை அவிழ்த்தார். அவருக்கே ஒரு சின்னச் சந்தோஷம் வந்து, நாடாவை எறியாமல் சுருட்டிப் பைக்குள் வைத்தார். சனம் உள்ளே போனது. நூற்றைம்பது பேர் இருக்கும். ஈரப் பெஞ்சில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஓர் அம்மாள் மடியில் நாயை வைத்திருந்தார்.

குழு பாறைக்கு முன்னால் இரண்டு வரிசையாக நின்றது. பின்வரிசையில் அடிக்குரல்கள், கடைசியில் காஸ்பர். அவன் தலைக்கு நேர் மேலே நாலு மீட்டரில் அந்தக் கல். மற்ற கற்களைப் போலவே இருந்தது. கொஞ்சம் பெரிது.

"அடிக்குரல் எல்லாம் ரெண்டடி இடது பக்கம் தள்ளுங்க" என்றாள் புர்கி.

தள்ளினார்கள். இப்போது கல்லுக்குக் கீழே ஆல்டோ அம்மாள் இருவர்.

"ஆல்டோ முன்னாடி வாங்க. இன்னும். இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல வந்தா நாய் மேல நிக்கணும்" என்றார் ஓர் ஆல்டோ.

"அப்ப எல்லாரும் வலது பக்கம் போங்க."

"புர்கி, போட்டோ எடுக்கப் போறியா, பாடப் போறியா?" என்றான் காஸ்பர். சனம் சிரித்தது. நல்ல சனம். முதல் பாட்டுக்கு முன்னாலேயே சிரிக்கிற சனம் எந்தப் பாட்டுக்கும் கைதட்டும்.

எல்லாரும் பழைய இடத்துக்கே வந்து நின்றார்கள்.

அவள் மெல்ல முனகிச் சுருதி கொடுத்தாள். கையை உயர்த்தினாள். பதினான்கு பேரும் ஒன்றாக மூச்சை உள்ளே இழுத்தார்கள். அந்த மூச்சு பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. அவளுடைய தோளில் விழுந்தது. அவள் கேட்டிருந்த அதே முற்றம்தான். பாடவே வேண்டாம், மூச்சுக்கே பதில் சொல்கிறது.

உயர்ந்த கை அப்படியே நின்றது. பதினான்கு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காஸ்பரின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

அவள் கையைக் கீழே போட்டாள்.

"வெளிய வாங்க" என்றாள். "எல்லாரும் அந்த இடத்தவிட்டு வெளிய வாங்க."

பதினான்கு மூச்சும் புஸ்ஸென்று வெளியே வந்தன.

"என்ன ஆச்சு?" ஃப்ராவ் மாகிஸ்டர் கோப்போடு ஓடிவந்தார். "மணி பதினொண்ணு பத்தொன்பது!"

"ஒரு கல்லு சரியில்ல, ஃப்ராவ் மாகிஸ்டர்."

"கையெழுத்துப் போட்டாச்சே!"

கிலியன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டலை நிறுத்திவிட்டு மெதுவாக நடந்து வந்தார்.

"எந்தக் கல்லு?"

"காளை கத்தினப்ப தட்டினீங்களே, அதுல மூணாவது. அதோ."

"முப்பத்தொரு வருஷமா தொங்கறேன். தபால் குடுக்கற அம்மா எனக்குக் கல்லு சொல்லித் தர்றாங்க." அவர் சனத்தைப் பார்த்துச் சொன்னார். சனம் மறுபடி சிரித்தது. ஆனால் அவர் கயிற்றை மறுபடி இடுப்பில் மாட்டினார். மேலே மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

அவர் ஏறினார். நூற்றைம்பது பேரும் அமைதியானார்கள். அந்த ஊர்ச் சனத்துக்கு எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டக்.

டக்.

டொப்.

முன்வரிசை அம்மாள் "ஓ" என்றார். நாய்கூட நிமிர்ந்தது.

கிலியன் கடப்பாரை நுனியைக் கல்லின் ஓரத்தில் வைத்தார். உள்ளே இருந்து மணல் கோடாக ஒழுகியது. கடப்பாரையை எடுத்துவிட்டார்.

"முற்றத்தக் காலி பண்ணுங்க" என்றார். கத்தவில்லை. அதனாலேயே எல்லாரும் வேகமாக எழுந்தார்கள்.

கால் மணி நேரம் கழித்து அந்தக் கல் இறங்கியது. வாசலில் நின்று எல்லாரும் பார்த்தார்கள். மாவு பிசைகிற தொட்டி அளவு இருந்தது. பின்வரிசை நின்ற இடத்தில் விழுந்து, ஒரு புரள் புரண்டு நின்றது. அது இருந்த இடத்துக்குப் பின்னால் கை நுழைகிற அளவு ஒரு பிளவு மேல்நோக்கிப் போனது. கிலியன் அதற்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இன்றைக்கு இல்லை. நாளைக்கும் இல்லை.

ஃப்ராவ் மாகிஸ்டர் பைக்குள்ளிருந்து நாடாவை எடுத்து மறுபடி கட்டினார். முடிச்சுப் போட மூன்றுமுறை முயன்றார்.

"வேற இடமே இல்லையா?" என்றாள் புர்கி.

"எல்லா இடமும் எழுதியாச்சு. நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?" கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நீங்க நல்ல காரியம் பண்ணினீங்க. அத நான் எழுதி அனுப்பறேன். பட்டத்தோட கையெழுத்துப் போட்டு."

போங்காவ்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். "லுங்காவ்காரங்க பாட வந்தா மலையே இறங்கி வந்துடுது" என்று போகும்போது ஒருவர் சொன்னார். யாரும் பதிலுக்குச் சண்டை போடவில்லை.

கிலியன் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு புர்கியிடம் வந்தார். கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்க கேட்டதுக்காகத்தான் தட்டினேன்" என்றார்.

"தெரியும்."

"இனிமே காளை கத்தினா தொங்கத்தான் போறேன். பேராயரே வந்து கேட்டாலும்."

"நல்லது" என்றாள் புர்கி.

அவர் கை கொடுத்தார். முழுக்கச் சுண்ணாம்புத் தூள். அவள் பாவாடையில் துடைத்துக்கொள்ளவில்லை.

பேருந்து இரண்டு மணிக்குத்தான். ஆற்றங்கரைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கூடை திறந்திருந்தது, யார் திறந்தார்கள் என்று புர்கி கேட்கவில்லை. ஆறு மழைத் தண்ணீரில் பால்பச்சையாக ஓடியது. வெயிலும் வந்தது.

எல்லாருக்கும் கொஞ்ச நேரம் துக்கம் இருந்தது. இரண்டாவது க்ராப்ஃபனுக்குப் பிறகு அது கதையாக மாற ஆரம்பித்தது. ஆல்டோ அம்மாள், கல் தன் காதை உரசிக்கொண்டு போனது என்றார். அவர் அப்போது வாசலில் இருந்தார். டெனர் பாடுகிற ஒருவர், எண்பது கிலோ இருக்கும் என்றார். இன்னொருவர் இருநூறு என்றார். ஊர் போய்ச் சேர்வதற்குள் அது ஐநூறு ஆகிவிடும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

"என்ன காதும்மா உனக்கு!" என்று உச்சக்குரல் சோப்ரானோவில் மூத்தவள் புர்கியின் கன்னத்தைத் தட்டினாள். எழுபத்தாறு வயதுக்காரி அவள்தான். "அந்தக் காளை சத்தத்துல யாருக்குக் கேக்கும்? பதினாலு உயிர் தப்பிச்சுது."

"புர்கிக்கு ஒரு க்ராப்ஃபன் குடுங்கப்பா. நல்ல ஜாம் பாத்து."

புர்கி வாங்கிக்கொண்டாள். கடிக்கவில்லை. விரலெல்லாம் சர்க்கரை ஒட்டியது. நாற்பது மணிகள் ஒன்றாக அடித்தாலும் ஒன்றைத் தனியாகப் பிரித்துச் சொல்வாள், ஊரில் ஒருமுறை ஒரு பசுவின் கழுத்துமணியை வைத்துத் தொலைந்த பசுவையே கண்டுபிடித்தாள் என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காஸ்பர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மீசையில் சர்க்கரை. அவனுக்கு எதுவும் உடனே உறைக்காது, மாவு பொங்குகிற மாதிரி நேரம் எடுக்கும். மூன்றாவது க்ராப்ஃபனை முழுசாகத் தின்று முடித்தான். விரலை ஒவ்வொன்றாக நக்கினான். அவளைப் பார்க்காமல், ஆற்றைப் பார்த்தபடியே, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"புர்கி, காளை கத்தினது பதினொண்ணு அஞ்சுக்கு. நீ எங்கள வெளிய வரச் சொன்னது பதினாலு நிமிஷம் கழிச்சு. நடுவுல எங்கள எதுக்கு அதுக்குக் கீழ நிறுத்தின?"